விசுவாசி தான், ஆனா தராசு சரியில்ல – இவரு நீதிமானா இல்லையா?

தோத்தாபுரி (காவேரிப்பட்டணம் பக்கம்)

ஸ்தோத்திரம் எல்லாருக்கும். இங்க படிக்கிறதோட சரி, எழுதினது இல்ல, இப்ப கேக்க வேண்டிய விஷயம் வந்துடுச்சி. அப்பாவுக்கு மாந்தோப்பு இருக்குது, சீசன்ல காய் எல்லாம் ஒரே மண்டிக்குத் தான் போவும், மண்டிக்காரரு எங்க சபை மூப்பர், அதனால வேற இடம் பாக்கறதே இல்ல. இந்த வருஷம் அப்பா போற வழியில ஒரு எடைமேடையில வண்டிய ஏத்தி எடை போட்டுட்டு தான் போனாரு. மண்டி சீட்டுல எடை கொறைஞ்சி வந்துது. கழிவுன்னு டன்னுக்கு இவ்ளோன்னு புடிக்கிறது தனி, அது எல்லா மண்டியிலயும் இருக்குது, தெரிஞ்சே தான் போடறோம், ஆனா எடையே கொறையறது தெரியாம நடக்குது இல்லையா. அப்பா கேட்டதுக்கு "எங்கயோ ரோட்டு மேல இருக்கற மேடைய நம்பறீங்க, என்ன நம்ப மாட்டீங்களாண்ணா"ன்னு சிரிச்சிட்டே போயிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவரு சாட்சி சொல்றாரு, "என் நீதி எல்லாம் அழுக்கான கந்தை, நான் செஞ்சது ஒண்ணுமில்ல, விசுவாசத்தால நீதிமானா நிக்கிறேன்"னு. சபையே அல்லேலூயா சொல்லுது. அப்பா மட்டும் வெளிய எழுந்து போயிட்டாரு.

பேரு சொல்லாம பாஸ்டர்கிட்ட பொதுவா கேட்டேன். பவுல் எழுதின ரோமர் நிருபம் 4 எடுத்தாரு, ஆபிரகாம் ஒண்ணும் செய்யாம விசுவாசிச்சான், அதுவே நீதியா எண்ணப்பட்டுதுன்னாரு. அப்ப செயல் இல்லாத விசுவாசம் செத்ததுன்ற யாக்கோபு நிருபம் 2 என்னங்க ஐயான்னேன், அது வேற சப்ஜெக்ட் தம்பின்னுட்டாரு. எப்படிங்க வேற சப்ஜெக்ட் ஆகும், ரெண்டுலயும் அதே ஆபிரகாம், அதே வசனம் தானே. இவரு நீதிமானா இல்லையா, கீழ்ப்படிதலுக்கு இதுல என்ன இடம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நெறியாளர்

கேள்வி நல்ல கேள்வி. மண்டி பேரு, சபை பேரு, ஊர் பேரு யாரும் இழுக்க வேணாம். தனிச்செய்தியில கேட்டாலும் சொல்லாதீங்க தம்பி.

ஓசூர் நைட் ஷிப்ட்

தம்பி, உங்க மூப்பர் செஞ்சது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அந்த கோவத்துல உபதேசத்த வளைச்சிடாதீங்க. பவுல் ரோமர் 4-ல வெறும் பேச்சா சொல்லல, தேதி பாத்து வாதம் பண்றாரு. ஆதியாகமம் 15:6-ல தான் "விசுவாசித்தான், நீதியாக எண்ணினார்" வருது. விருத்தசேதனம் (உடன்படிக்கைக்கு அடையாளமா நுனித்தோல வெட்டற சடங்கு) 17-ஆம் அதிகாரத்துல, அப்ப ஆபிரகாமுக்கு 99 வயசு. நடுவுல 16-ல இஸ்மவேல் பொறக்கறப்ப 86. அப்ப நீதிமான்னு எண்ணப்பட்டதுக்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவுல கொறைஞ்சது 13 வருஷம். மோசேயோட நியாயப்பிரமாணம் அதுக்கும் எவ்வளவோ பின்னால, கலாத்தியர் 3:17-ல 430 வருஷம்னு கணக்கே போட்டு வச்சிருக்காரு. அப்ப எந்த சடங்க, எந்த சட்டத்த செஞ்சி அவரு நீதிமான் ஆனாரு? ஒண்ணும் இல்ல. இது போச்சின்னா சுவிசேஷமே போச்சி, அப்புறம் நம்ம எல்லாரும் மார்க் வாங்கி பாஸ் ஆவணும், யாரு ஆவறது?

எபேசியர் 2:8 "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு". அதுல கை வைக்காதீங்க, அவ்ளோ தான் சொல்றேன்.

எலத்தகிரி மாமா

ஓசூரு தம்பி, 99-லயும் 86-லயும் நின்னுட்டீங்க, 75-அ விட்டுட்டீங்களே. 12-ஆம் அதிகாரம், "நீ உன் தேசத்தை விட்டுப் புறப்படு"ன்னதும் 75 வயசுல கெளம்பிட்டாரு. அது 15-க்கு முன்னாடி. அப்ப கீழ்ப்படிஞ்சது முதல்ல, நீதியா எண்ணினது பொறகு. இதுக்கு என்ன சொல்றீங்க?

நாங்க கத்தோலிக்கர், நீங்க எங்கள பாத்தா "கிரியையில (நற்செயல்ல) இரட்சிப்பு தேடறவங்க"ன்னு சொல்றது வழக்கம், அதயும் இங்கயே சொல்லிடறேன். எங்க திருச்சபையோட திரெந்து பொதுச்சங்கம் 1547-லயே சொல்லிட்டுது, நீதியாக்கப்படறதுக்கு முன்னாடி மனுஷன்கிட்ட இருக்கற எதுவும், விசுவாசம் ஆகட்டும் கிரியை ஆகட்டும், அந்த அருள சம்பாதிக்க முடியாதுன்னு. சம்பாதிக்கலாம்னு யாரும் சொல்லல. வந்த அருள் உள்ள வேலை செஞ்சி மனுஷன நெஜமாவே மாத்தணும்னு தான் சொல்றோம், மேல ஒரு வெள்ளத்துணி போத்திட்டு உள்ள அப்படியே இருக்கறது இல்ல.

மண்டிக்காரரு விஷயத்துக்கு வரேன். எங்கள்ல பாவசங்கீர்த்தனத்துல ஒருத்தன் எடையில திருடினேன் சாமின்னா, மன்னிப்பு கெடைக்கும், ஆனா எடுத்தத திருப்பி குடுக்கற கடமை அவன் தலை மேல தான் நிக்கும். குடுக்க மனசே இல்லன்னா அது மனஸ்தாபமே (பாவத்துக்கு வருந்தறதே) இல்ல. அழுதுட்டு எழுந்து வந்தா முடிஞ்சி போச்சின்னு விட மாட்டாங்க.

ஓசூர் நைட் ஷிப்ட்

மாமா, 75-க்கு எபிரெயர் 11:8 பதில் சொல்லிடுச்சி. "விசுவாசத்தினாலே" ஆபிரகாம் கீழ்ப்படிந்து போகும் இடம் தெரியாம புறப்பட்டுப் போனான்னு இருக்குது. அப்ப அந்த கீழ்ப்படிதலுக்கு உள்ளயும் விசுவாசம் தான் மொதல்ல. முன்னாடி பின்னாடின்னு எப்படி போனாலும் வேர் அது தான்.

எலத்தகிரி மாமா

சரி. ஆனா கெளம்பாம, இருந்த ஊரான ஆரான்லயே உக்காந்துட்டு "நான் விசுவாசிக்கிறேன் ஆண்டவரே"ன்னு சொல்லிட்டே இருந்திருந்தா?

ஊத்தங்கரை டீச்சர்

மாமா கேட்டாரே கடைசியா, அது தான் யாக்கோபு கேக்கறதும். நான் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), சண்டே ஸ்கூல் எடுக்கறேன், இத பசங்க வருஷா வருஷம் கேக்கறாங்க, அதனால கொஞ்சம் நீட்டா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

பவுலும் யாக்கோபும் வேற வேற ஆளுங்கள பாத்து பேசறாங்க. பவுல் முன்னாடி நிக்கிறவன், "நான் விருத்தசேதனம் பண்ணவன், பண்டிகை ஆசரிக்கிறவன், கடவுள் எனக்கு கடன்பட்டிருக்காரு"ன்னு நெஞ்ச நிமித்திட்டு வர்றவன். அவன்கிட்ட பவுல், ஆபிரகாமுக்கே அப்படி கணக்கு இல்லப்பா, வெறுங்கையோட வான்றாரு. யாக்கோபு முன்னாடி நிக்கிறவன் அப்படியே நேர் எதிர், சகோதரன் துணி இல்லாம சோறு இல்லாம நிக்கறப்ப "சமாதானத்தோட போ, குளிர் காஞ்சி பசியாறு"ன்னு வாயால சொல்லிட்டு கதவ சாத்தறவன். அவனுக்கும் நல்ல அறிக்கை இருக்குது, தேவன் ஒருவர்னு நம்பறான். யாக்கோபு சொல்றாரு, பிசாசும் தான் நம்புது, நடுங்க வேற செய்யுதுன்னு. (நம்ம ஆளு நடுங்கக்கூட இல்ல.) அதனால தான் யாக்கோபு ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தோட நிக்காம 22-க்கு, ஆபிரகாம் மகன் ஈசாக்க பலியிட போன மோரியா மலைக்கு போறாரு. அன்னைக்கு சொன்னது இன்னைக்கு நெசம்னு தெரிஞ்சி போச்சி, "அந்த வேதவாக்கியம் நிறைவேறிற்று"ன்னு எழுதறாரு. புதுசா ஒரு நீதி அங்க பொறக்கல.

சீர்திருத்தவாதி லூத்தருக்கு யாக்கோபு நிருபம் புடிக்கல, 1522-ல புதிய ஏற்பாட்டுக்கு எழுதின முன்னுரையில வைக்கோல் நிருபம்னே சொல்லிட்டாரு, பின்னால வந்த பதிப்புல அந்த பகுதிய எடுத்துட்டாரு. ஆனா அதே 1522-ல ரோமருக்கு எழுதின முன்னுரையில, விசுவாசம் உயிரோட இருக்கற, சும்மா உக்கார முடியாத ஒண்ணு, நல்லது செய்யலாமான்னு அது கேக்கறதுக்குள்ள செஞ்சி முடிச்சிருக்கும்னு எழுதறாரு. "விசுவாசம் மட்டும்"னு கொடி புடிக்கறவங்க பாதி பேருக்கு இந்த பாதி தெரியறது இல்ல. இன்னொண்ணு, 1999 அக்டோபர் 31-ல ஆக்ஸ்பர்க்ல லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் நீதிமானாக்கப்படுதல் பத்தி சேர்ந்தே ஒரு அறிக்கையில கையெழுத்து போட்டுட்டாங்க. 2006-ல மெதடிஸ்டுகளும் சேந்தாங்க. நாம தான் இங்க இன்னும் 1547-லயே சண்டை போட்டுட்டிருக்கோம்.

தம்பி, உங்க கேள்விக்கு ஒரு இடம் சொல்றேன், லேவியராகமம் 6 ஆரம்பம். ஒருத்தன் அயலான ஏமாத்திட்டான்னா முதல்ல முழுசா திருப்பி குடுக்கணும், அதோட ஐந்துல ஒரு பங்கு சேத்து குடுக்கணும், அப்புறம் தான் குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா. பலி வேணாம்னு சொல்லல. பாவ நிவர்த்தி கடவுள் தர்றது தான். ஆனா அயலான் பணத்த மடியில வச்சிட்டே பலிபீடத்துக்கு வரக்கூடாது. இயேசுவும் மத்தேயு 5:23-ல காணிக்கைய அங்கயே வச்சிட்டு போய் மொதல்ல ஒப்புரவாகுன்றாரு.

பாலக்கோடு தக்காளி

நான் உங்க மதம் இல்ல, மாரியம்மனுக்கு கூழ் ஊத்தறவன், தலைப்புல தராசுன்னு பாத்து உள்ள வந்தேன். நீதிமானா இல்லையான்னு நீங்க பேசி முடிங்க, அதுக்குள்ள அடுத்த சீசனே வந்துடும். தராசு முத்திரை எல்லாம் செக் பண்றது தொழிலாளர் துறை, அங்க ஒரு மனு குடுக்க சொல்லுங்க அவங்க அப்பாவ. எங்க தக்காளி மண்டியிலயும் சாமி படம் மாட்டாத கடை கெடையாது தம்பி, எல்லா சாமியும் பாத்துட்டு தான் இருக்குது.

தோத்தாபுரி

தக்காளி அண்ணா சிரிச்சிட்டேன். மனு குடுக்கறது அப்பாவும் யோசிக்கிறாரு, அம்மா தான் சபையில பேச்சு வரும்னு தடுக்கறாங்க.

டீச்சர் அக்கா நன்றிங்க, யாக்கோபுக்கு இப்ப தான் அர்த்தம் புரிஞ்சிது. ஆனா ஒண்ணு, அவரு நடுங்கலன்னு நமக்கு எப்படி தெரியும்? ஒருத்தனுக்கு விசுவாசம் இருக்குதா இல்லையான்னு நான் யாரு தீர்ப்பு சொல்ல? அம்மா அத தான் கேக்கறாங்க.

சந்தூர் நர்சரி

நமக்கு தெரிஞ்சத வச்சி சொல்றேன். நாட்டு மாங்கன்னுல ஒட்டு கட்டினா தான் பெங்களூரா ரக மா. காய் காய்ச்சதால அது பெங்களூரா ஆகல, ஒட்டு கட்டின அன்னைக்கே ஆகிடுச்சி. ஆனா காய்ச்சா தான் வாங்கினவனுக்கு தெரியும் நாம குடுத்தது பெங்களூரா இல்ல புளிச்ச நாட்டுக்காயான்னு. கனிகளால அறிவீர்கள்னு மத்தேயு 7-ல இருக்கறது இது தானே.

ஓசூர் நைட் ஷிப்ட்

சூப்பருங்க நர்சரி அண்ணா. நான் சொல்ல வந்தது இது தான். ஒட்டு மொதல்ல.

எலத்தகிரி மாமா

ஒட்டு புடிக்காம காஞ்சி போறதும் உண்டு தானே நர்சரிக்காரரே? புடிச்சிடுச்சின்னு நெனச்சிட்டிருப்போம், கீழ இருந்து நாட்டுத்துளிர் கெளம்பி மேல இருக்கறத அமுக்கிடும். ரோமர் 11-ல பவுலே ஒட்டு பத்தி சொல்லிட்டு, நீயும் நிலைச்சிருக்கலன்னா வெட்டப்படுவன்னு எச்சரிக்கிறாரு.

சந்தூர் நர்சரி

உண்டு மாமா. அந்த நாட்டுத்துளிர கிள்ளிட்டே இருக்கணும், விட்டா போச்சி.

பாப்பிரெட்டிப்பட்டி சிஸ்டர்

எல்லாரும் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல்னு ஈஸியா எழுதறீங்க, பெண்கள் காதுல அது எப்படி விழும்னு ஒரு தடவை கேளுங்க. நான் இருந்த ஒரு சபையில (இப்ப இல்ல) எதுக்கு எடுத்தாலும் எபிரெயர் 13:17, "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து". நைட்டு ஜெபத்துக்கு வரலன்னா கீழ்ப்படியல, சித்தி மக கல்யாணத்துக்கு போனா கீழ்ப்படியல, தசமபாகம் கம்மின்னா கீழ்ப்படியல, புருஷன் அடிக்கிறான்னு சொன்னாலும் கீழ்ப்படிஞ்சி போ சிஸ்டர், நீதி வெளிப்படும். இதுல நீதி எங்க இருக்குது? கீழ்ப்படிதல்னு பேசறப்ப யாருக்குன்னு முதல்ல கேக்கணும். சவுலுக்கு சாமுவேல் சொன்னது "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்", அது கர்த்தரோட சத்தத்துக்கு. எங்க பாஸ்டர் இத எடுத்து ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணாரு, ஆனா அந்த அதிகாரத்துல சாமுவேல் யார பாத்து சொல்றாருன்னு சொல்லவே இல்ல. சாதாரண ஜனத்த பாத்து இல்லீங்க, ராஜாவ பாத்து! கொள்ளையில நல்லத எல்லாம் தப்ப விட்டுட்டு பலியிட தான் வச்சேன்னு பக்தியா பேசினவன பாத்து. அத இப்ப அப்படியே மேடையில இருந்து கீழ திருப்பிட்டாங்க.

அப்போஸ்தலர் 5:29-அயும் யாராவது பிரசங்கம் பண்ணுங்க, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதை விட தேவனுக்கு.

தம்பி, உங்க அம்மா "தீர்ப்பு சொல்லாத"ன்றது அவரோட இரட்சிப்பு பத்தி சரி. எடை பத்தி தீர்ப்பு சொல்லலாம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு நீதிமொழிகள் 11:1 தெளிவா சொல்லுது, அதுல நீங்க தீர்க்கதரிசி ஆவணும்னு இல்ல, சீட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும்.

ஊத்தங்கரை டீச்சர்

சிஸ்டர், அடிக்கிற புருஷன் விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, அங்க வசனம் சொல்ல வர்றவங்கள நம்பாதீங்க, 181-க்கு போன் போடுங்கன்னு தான் எங்க பெண்கள் ஐக்கியத்துல நான் சொல்றது. சிலருக்கு அது கோவம். இருக்கட்டும்.

நீங்க யாருக்குன்னு கேட்டதும் எனக்கு யாத்திராகமம் 20 வந்துது. பத்து கட்டளை "கொலை செய்யாதே"ன்னு ஆரம்பிக்கல. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே"ன்னு ஆரம்பிக்குது. விடுதலை முடிஞ்சி, கடல தாண்டி, மன்னா சாப்ட்டு, அப்புறம் தான் சினாய். கட்டளைய கைக்கொண்டா விடுவிக்கிறேன்னு எகிப்துல யாரும் பேரம் பேசல. அப்ப கீழ்ப்படிதல் விடுதலையானவன் செய்யறது. அடிமையாக்கறதுக்கு யாராவது அந்த வார்த்தைய எடுத்தா அது பழைய எகிப்து தான்.

ஜெர்மனியில போன்ஹோஃபர்னு லூத்தரன் போதகர், ஹிட்லர எதிர்த்து கடைசியில 1945 ஏப்ரல்ல தூக்குல போட்டாங்க, அவரு 1937-லயே எழுதினாரு, விசுவாசிக்கிறவன் தான் கீழ்ப்படியறான், கீழ்ப்படியறவன் தான் விசுவாசிக்கிறான்னு. ரெண்டையும் சேத்து தான் சொல்லணும், ஒண்ண மட்டும் சொன்னா பொய் ஆகிடும்னாரு. மனந்திரும்பாம கெடைக்கிற மன்னிப்ப மலிவான கிருபைன்னு சொன்னதும் அவரு தான். உங்க மூப்பர் சாட்சிய படிச்சப்ப எனக்கு அது தான் ஞாபகம் வந்துது.

ஓசூர் நைட் ஷிப்ட்

ஒத்துக்கறேன் டீச்சர். ஆனா இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன்? அவன் எதுக்கு கீழ்ப்படிஞ்சான், எத திருப்பி குடுத்தான்? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்". முடிஞ்சி போச்சி. ஞானஸ்நானம்கூட இல்ல.

எலத்தகிரி மாமா

கையும் காலும் ஆணி அடிச்சிருக்கறவன்கிட்ட திருப்பி குடுன்னு யாரு கேப்பா. ஆனா வாய் இருந்துது, அதால செஞ்சான். பக்கத்துல இருந்தவன அதட்டினான், "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்"னு தன் தப்ப எல்லாரும் கேக்க ஒத்துக்கிட்டான், இவரு தகாதது ஒண்ணும் செய்யலன்னு ஊரே எதிர்த்து நிக்கறப்ப சாட்சி சொன்னான். அவனுக்கு இருந்த ரெண்டு மூணு மணி நேரத்துல முடிஞ்சத எல்லாம் செஞ்சிட்டான். கைகால் சொகமா, லாரி ரெண்டு வச்சிட்டு இருக்கறவன் கள்ளன காட்டக்கூடாது. அவன் வரிக்காரன் சகேயு பக்கத்துல தான் நிக்கணும், அநியாயமா வாங்கினது உண்டானா நாலத்தனையா திருப்பித்தரேன்னவன்.

ஓசூர் நைட் ஷிப்ட்

சகேயு அப்படி சொன்னதுக்கு முன்னாடியே இயேசு அவன் வீட்டுக்கு வரேன்னுட்டாரு மாமா. குடுத்தா வரேன்னு சொல்லல.

எலத்தகிரி மாமா

சொல்லல. வந்த பொறகு அவன் குடுக்காம இருக்க முடியல. அங்க நீங்களும் நானும் ஒண்ணு தான் தம்பி.

தோத்தாபுரி

ஒரு அப்டேட். அப்பா மூப்பர்கிட்ட தனியா போய் பேசினாரு, மத்தேயு 18:15 படி, தனிச்சிருக்கறப்ப குற்றத்த உணர்த்துன்னு இருக்கறதால. ரெண்டு சீட்டையும் மேசையில வச்சிருக்காரு. மூப்பர் கோவப்படல, சிரிக்கவும் இல்ல, "பாக்கறேண்ணா"ன்னு மட்டும் சொல்லியிருக்காரு. பணம் இன்னும் வரல. அடுத்து ரெண்டு பேர கூட்டிட்டு போறதா வேணாமான்னு வீட்ல சண்டை. மனு இப்போதைக்கு எழுதி வச்சிருக்குது, குடுக்கல.

நேத்து நைட்டு ரோமர் முதல்ல இருந்து படிச்சேன், 4-க்கு போறதுக்கு முன்னாடி 2:13-ல மாட்டிக்கிட்டேன். "நியாயப்பிரமாணத்தைக் கேட்கிறவர்கள் தேவனுக்குமுன்பாக நீதிமான்களல்ல, நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறவர்களே நீதிமான்களாக்கப்படுவார்கள்". இது யாக்கோபு இல்ல, பவுலே! ஓசூர் அண்ணா இதுக்கு என்ன சொல்றீங்க?

ஓசூர் நைட் ஷிப்ட்

நல்லா புடிச்சீங்க தம்பி. இதுக்கு ரெண்டு விதமா பதில் சொல்றாங்க. ஒண்ணு, பவுல் இங்க ரூல சொல்றாரு, முழுசா செஞ்சா நீதிமான் தான், ஆனா 3:20 வரப்ப "எந்த மனுஷனும்" அப்படி ஆகமாட்டான்னு அந்த கதவ சாத்திடறாரு, அப்ப 2:13-ல போற வழியில ஒருத்தனும் இல்ல. எங்க சபையில சொல்லித்தந்தது இது. இன்னொண்ணு, 2:6-ல அவனவனுடைய கிரியைகளுக்குத் தக்கதா பலன்னு சொல்றது சும்மா கற்பனை இல்ல, கடைசி நாள்ல நெசமாவே நடக்கும், 2:29-ல இருதயத்துல விருத்தசேதனம் ஆனவங்க, ஆவியானவரால செய்யறவங்க தான் அந்த "செய்கிறவர்கள்"னு. ரெண்டாவது சொல்றவங்களும் விசுவாசத்த விட்டுட்டவங்க இல்ல, 8:4-ல ஆவியின்படி நடக்கறவங்கள்ல நியாயப்பிரமாணத்தோட நீதி நிறைவேறும்னு இருக்கறத காட்றாங்க. எனக்கு இன்னும் முதல் பதில் தான் சரியா படுது, ஏன்னா 1:18-ல இருந்து 3:20 வரைக்கும் ஒரே குற்றப்பத்திரிகை மாதிரி போவுது, நடுவுல ஒரு நல்லவன காட்ட அங்க அவசியம் இல்ல. ஆனா 8:4 என்ன உறுத்துது, மறைக்கல.

ஊத்தங்கரை டீச்சர்

எனக்கு ரெண்டாவது. காரணம் 1:5. நிருபத்த ஆரம்பிக்கறப்பவே, எல்லா ஜாதிகளும் விசுவாசத்துக்கு கீழ்ப்படியத்தான் நான் அப்போஸ்தலன் ஆனேன்றாரு, முடிக்கறப்ப 16:26-ல அதே பேச்சு திரும்ப வருது. விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் பிரிச்சி வைக்கறது நம்ம வேலையா இருக்குது, பவுல் வேலையா தெரியல. பரீட்சை பேப்பர் கட்டு காத்திட்டிருக்குது, 2:14 பத்தி சனிக்கிழமை எழுதறேன், அந்த "புறஜாதிகள்" (யூதர் அல்லாதவங்க) யாருன்னு பாக்காம இது முடியாது.

பாலக்கோடு தக்காளி

புறஜாதின்னா நான் தானே டீச்சர்? சனிக்கிழமை வந்து படிக்கிறேன்.